பதினேழு நாள் பதினெட்டு மணி நேரம்

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கண்ணா. எனக்கு இந்தப் பக்கம்தான் ஆகும். ஒரு இடத்துல உட்கார வராதுங்க எனக்கு. காலை நீட்டணும், மடக்கணும், நடுவுல ஒருக்கா எந்திரிச்சு நின்னாலும் நிப்பேன். தப்பா எடுத்துக்காதீங்க.

கோயமுத்தூர் வரைக்குங்களா? நானும் அங்கதான், பீளமேடு. தாராபுரத்துல ஏறும்போதே மணி ரெண்டாயிருச்சு. அஞ்சுக்குள்ள போயிருவானுங்களா? அஞ்சு மணிக்கு எனக்கு வேலை ஒண்ணும் இல்லை, சும்மா கேட்டேன்.

வேலையா? டிரைவர் எழுதற வேலைங்க. சிரிக்காதீங்க, பஸ் ஓட்டற டிரைவர் இல்லை. கம்ப்யூட்டருக்குள்ள அடியில கெர்னல்னு ஒண்ணு ஓடிட்டே இருக்கும். மெமரி, கரண்டு எல்லாத்தையும் பிரிச்சுக் கொடுக்கறது அதுதான். வெளிய இருக்கற சாமானம் ஒவ்வொண்ணோடயும் அது பேசறதுக்கு ஒரு சின்னப் புரோகிராம் வேணும். அதுக்குப் பேரு டிரைவர். பதினாலு வருசமா அதைத்தான் எழுதறேன். என் பேரு சிவசண்முகம். எங்க கம்பெனில பால் குளிர வைக்கற மெஷினுக்கு மூளை செய்யறோம். ஊர் ஊருக்குப் பால் சங்கம் இருக்குதுல்ல, அங்க பெரிய எவர்சில்வர் தொட்டி இருக்கும் பாருங்க, அதுக்குப் பக்கத்துச் செவுத்துல ஒரு பொட்டி மாட்டியிருக்கும். பால் எத்தனை டிகிரி, கம்ப்ரசர் ஓடணுமா நிக்கணுமா, எல்லாம் அந்தப் பொட்டிதான் முடிவு பண்ணும். அந்தப் பொட்டிக்குள்ள இருக்கறது நான் பார்த்த வேலை.

இன்னிக்கு அந்த மாதிரி ஒரு ஊருக்குத்தான் போயிட்டு வர்றேன். செம்மங்காட்டுவலசு. தாராபுரத்துக்கு அந்தாண்ட, டவுன் பஸ்ல முக்கா மணி நேரம். போன காரியம் முடிஞ்சுதுங்க. முடிஞ்சமாதிரிதான். ஆனா எங்க கம்பெனில எனக்கு நடந்தது இருக்குதே, அதைக் கேட்டீங்கன்னா நீங்களே சொல்லுவீங்க.

வெயில் அடிக்குதுங்களா? அந்தத் திரையை இழுத்து விட்டுக்குங்க. நான் இழுக்கட்டுங்களா? சரி, இருக்கட்டும்.

மொதல்ல இருந்து சொல்றேன். போன மே மாசம் இருபதாந்தேதி காலைல அந்த ஊர்ச் சங்கத்துல பால் ஊத்த சனம் வந்து நிக்குது. தொட்டியைத் தொறந்தா ரெண்டாயிரம் லிட்டரும் திரிஞ்சு கெடக்குது. முந்தின நாள் சாயங்காலம் ஊத்தின பாலு. கம்ப்ரசர் ஓடவே இல்லை. ஊரே நாறிப்போச்சுன்னாங்க. குழி வெட்டி ஊத்தியிருக்காங்க. மொதல்ல உள்ள போனது சங்கத்துச் செகரட்டரி. மயிலாத்தான்னு ஒரு அம்மா. பதினோரு வருசமா அவங்கதான் செகரட்டரி. பொட்டி சும்மா கெடக்கறதைப் பார்த்துட்டு சுவிட்சை அமத்தி மறுபடியும் போட்டிருக்காங்க. போட்டதும் ஓடுது. நல்லா ஓடுது. அந்த நேரம் பார்த்துப் பால் ஊத்த வந்த ஆளு ஒருத்தரு உள்ள எட்டிப் பார்த்திருக்காரு. அவரு கண்ணுக்குத் தெரிஞ்சது என்னங்க? அந்தம்மா கை சுவிட்சு மேல. அவ்வளவுதான். கழுவுறப்ப அமத்திட்டு மறந்துட்டா, இப்ப கமுக்கமா வந்து போடறான்னு ஊர் பூரா பேச்சு.

சங்கத்துல இருந்து எங்க கம்பெனிக்கு எழுதிக் கேட்டாங்க. மெஷின்ல கோளாறான்னு. பொட்டியைக் கழட்டிக் கொண்டு வந்து எங்கிட்டத்தான் கொடுத்தாங்க. பார்த்தனுங்க. ரெண்டு நாளு பார்த்தேன். என்னென்ன நடந்ததுன்னு அது தானாவே எழுதி வெச்சிருக்கும். அன்னிக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல ஒரு வரி இல்லை. கோளாறுன்னா கோளாறுன்னு எழுதியிருக்கும். ஒண்ணுமே எழுதலைன்னா? கரண்டு இல்லைன்னு அர்த்தம். யாரோ அமத்தியிருக்காங்கன்னு அர்த்தம். ஜூன் மாசம் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். "கருவியில் கோளாறு எதுவும் காணப்படவில்லை, மின்சாரம் கையால் நிறுத்தப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்." கையெழுத்துப் போட்டேன். இருக்கறதை வெச்சுத்தானுங்களே எழுத முடியும்? யாரா இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பாங்க.

அந்தம்மாவை நிறுத்திட்டாங்க.

அது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது வேற.

ஆகஸ்ட் மாசம். எங்க அப்பாவுக்கு இடுப்பெலும்பு ஆபரேசன், மூணு வாரம் லீவு போட்டிருந்தேன். போறதுக்கு முந்தி சோதிச்சுப் பார்க்க என் மேசையில இருந்த, அந்தப் பொட்டிக்குள்ள இருக்கற மாதிரியே ஒரு போர்டுல, சூடு பார்க்கற ரெண்டாவது சென்சாரைப் பிடுங்கி வேற ஒரு போர்டுக்கு மாட்டியிருந்தேன். மொதல் போர்டை அமத்த மறந்துட்டேன், அது பாட்டுக்கு ஓடிட்டுக் கெடந்திருக்குது. லீவு முடிஞ்சு வந்து பார்த்தா செத்துக் கெடக்குது. கரண்டு இருக்குது, லைட்டு எரியுது, உள்ள ஒண்ணும் ஓடலை. எழுதி வெச்சிருக்கறதைப் பார்த்தா பாதியில நிக்குது. கோளாறுன்னு ஒரு வார்த்தை இல்லை.

டீ குடிக்கப் போனேன், குடிக்காம வந்துட்டேன்.

ரெண்டாவது சென்சார் எதுக்குன்னா, தொட்டி கழுவுற தண்ணி சூட்டைப் பார்க்கறதுக்கு. பாலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. அது இல்லாட்டி டிரைவர் என்ன பண்ணும்? நிமிசத்துக்கு ஒருக்கா இருக்குதா இருக்குதான்னு போய்த் தட்டிப் பார்க்கும். தட்டறதுக்கு முந்தி சில சாமான் எடுத்துக்கணும். கொஞ்சம் மெமரி கேட்டு வாங்கும். ஒரு கம்பியை எனக்குன்னு பிடிச்சு வெச்சுக்கும். அந்த சென்சாருக்குக் கரண்டு போடும். நாலாவதாத்தான் தட்டும். பதில் வந்துச்சுன்னா சரி. வரலைன்னா? எடுத்ததை எல்லாம் திருப்பிக் கொடுத்துட்டு வரணும். கடைசியா எடுத்ததை மொதல்ல. கரண்டை அமத்தணும், கம்பியை விடணும், மெமரியைக் கொடுக்கணும். எங்க டிரைவர்ல கரண்டை அமத்துது, கம்பியை விடுது, மெமரியைக் கொடுக்காமயே வெளிய வந்துருது. ஒரே ஒரு வரி இல்லை. ஒரு வரிங்க.

எவ்வளவு மெமரிங்கறீங்க? துளியூண்டு. பால் சங்கத்துல ஒருத்தன் நிமிசத்துக்கு ஒருக்கா ஒரு டம்ளரை எடுத்துட்டுப் போய் வெளிய வெச்சுட்டு வந்தான்னா மொதல் நாள் யாருக்குத் தெரியும்? நான் கணக்குப் போட்டேன். பதினேழு நாள், பதினெட்டு மணி நேரம். அப்ப மெமரி சுத்தமாத் தீந்துரும். தீந்ததும் கெர்னல் என்ன பண்ணும்னா, யாரையாவது கொன்னு இடம் பிடிக்கும். மொதல்ல எழுதி வெக்கற புரோகிராமைக் கொல்லுது. அதனாலதான் ஒரு வரி இல்லை. அடுத்து கம்ப்ரசரைப் பார்த்துக்கற புரோகிராமைக் கொல்லுது. பால் சூடானா மணியடிக்க வேண்டியதும் அதேதான். பாலுத் தொட்டி அனாதையாக் கெடக்கும்.

சுவிட்சை அமத்திப் போட்டா எல்லாம் புதுசாத் தொடங்கும். நல்லா ஓடும். ஒரு தடயம் இருக்காது.

செம்மங்காட்டுவலசுல எலி வயரைக் கடிச்சது மே ஒண்ணாந்தேதி ராத்திரி, விடிஞ்சா ரெண்டு, ஒரு மணி வாக்குல. அங்கேருந்து பதினேழு நாள் பதினெட்டு மணி நேரம் எண்ணிப் பாருங்க. பத்தொம்பதாந்தேதி சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து நிக்கும்.

எலி கடிச்சது எனக்கு எப்படித் தெரியும்னா, ரெண்டாந்தேதி அந்தம்மா ஆபீசுக்குப் போன் பண்ணாங்க. சர்வீஸ் ஆளுக சாப்பிடப் போயிருந்தாங்க, நான்தான் எடுத்தேன். "சாரு, செவப்பு லைட்டு மினுக்குது, பொறகால ஒரு வயரை எலி கடிச்சுப் போட்டுருக்குது"ன்னாங்க. எந்த வயருன்னு கேட்டேன். நீல வயருன்னாங்க, அதுதான் அந்த ரெண்டாவது சென்சாருக்குப் போறது. அது இல்லாட்டியும் மெஷின் ஓடுங்கம்மா, பரவால்லைன்னேன். ஆள் அனுப்பறீங்களான்னாங்க. அடுத்த மாசம் அந்தப் பக்கம் வர்றப்ப பார்ப்பாங்கன்னேன். மேனுவல்லயே அப்படித்தானுங்க போட்டிருக்குது, அது இல்லாட்டியும் ஓடும்னு. நான் ஒண்ணும் கையில இருந்து சொல்லலை.

மணி என்னங்க? ரெண்டே காலா. என் வாட்ச்சுல ரெண்டு பதினேழு. பரவால்லை.

யாரு எழுதினதுன்னு கேக்கறீங்களா? எங்கூட ஸ்டீபன்ராஜுன்னு ஒருத்தரு இருந்தாரு. அவரு எழுதினது. வேலையை விட்டு வெளிநாடு போயி நாலு வருசமாச்சு. ஒருத்தரு எழுதினா இன்னொருத்தரு படிச்சுப் பார்த்து சரின்னு கையெழுத்துப் போடணும், அது எங்க ஆபீஸ் வழக்கம். படிச்சது நான்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க, எல்லாம் ஒழுங்கா நடந்தா என்ன ஆகும்னுதான் எல்லாரும் படிப்பாங்க. நடக்காமப் போனா திரும்பி வர்ற வழி இருக்குதே, அதை ஒருத்தரும் உட்கார்ந்து படிக்க மாட்டாங்க. அந்த வழியில போறதே எப்பவோ ஒருக்காத்தான்.

சரி. கண்டுபிடிச்சுட்டேன். நேரா எங்க மேனேஜர்கிட்டப் போனேன். உமையாள் மேடம். கெட்டிக்காரி, அதுல ஒண்ணும் குறை சொல்ல முடியாது. உட்கார வெச்சு முழுசாக் கேட்டாங்க. அப்புறம், "மத்த டிரைவர்ல இப்படி இருக்குதா?"ன்னாங்க. தெரியலை மேடம்னேன். "பாருங்க"ன்னாங்க. நான், "மேடம், அந்த சங்கத்துக்கு நாம எழுதிக் கொடுத்தது"ன்னு ஆரம்பிச்சேன். "மொதல்ல சரி பண்ணுவோம் சிவா. சரி பண்ணிட்டு எழுதலாம்"ன்னாங்க. நியாயம்தானுங்களே? சரி பண்ணாம எப்படி எழுதறது?

உட்கார்ந்தேன் பாருங்க. நாலு மாசம். எங்க டிரைவர் எல்லாத்தையும் எடுத்து, ஒவ்வொண்ணுலயும் எங்கெல்லாம் பாதியில திரும்பி வருது, வரும்போது எதை விட்டுட்டு வருதுன்னு வரி வரியாப் பார்த்தேன். முப்பத்தியொரு இடம். ஒரு இடத்துல கம்பியை விடலை. ஒரு இடத்துல கரண்டை அமத்தவே இல்லை. ஒரு இடத்துல ஒரு தடவை கொடுத்ததை மறுபடியும் கொடுக்குது, அது அதைவிட மோசம். ஒவ்வொண்ணையும் வேணும்னே தோத்துப் போக வெச்சுச் சோதிச்சேன். மொதல் படியில தோத்தா என்ன, ரெண்டாவதுல தோத்தா என்னன்னு. என் வீட்டுக்காரி சொல்லுவா, "சாப்பிடறப்பக்கூட உங்க கால் ஆடிட்டே இருக்குது"ன்னு. அப்ப இருந்து பிடிச்ச பழக்கம்தான் இது. பாருங்க, இப்பவும் ஆடுது. உங்க சீட்டு ஆடுதா? மன்னிச்சுக்குங்க.

இப்படி ஒரு வேலையை ஒருத்தன் பண்ணினா அவனை என்ன பண்ணணும்? டிசம்பர்ல புது புரோகிராமை எல்லா ஊருக்கும் அனுப்பினாங்க. கூட ஒரு தாள். அதுல என்ன போட்டிருந்தாங்க தெரியுங்களா? "பொதுவான மேம்பாடுகள்." முப்பத்தியொரு இடம், நாலு மாசம். ரெண்டே வார்த்தை. என் பேரு எங்கயும் இல்லை. அது போகட்டும்னு வெச்சுக்குங்க. என்ன சரி பண்ணினோம்னாவது எழுத வேண்டாமா? உமையாள் மேடம்கிட்டக் கேட்டேன். "எழுதினா மத்த ஊர்ல எல்லாம் கேள்வி வரும் சிவா"ன்னாங்க. சண்டை போட்டேன். கதவு தொறந்திருந்துச்சு, எல்லாருக்கும் கேட்டுச்சு. கேக்கட்டும்னு விட்டுட்டேன்.

அது ஒண்ணு. இன்னொண்ணு சொல்றேன். அதுல ரெண்டு டிரைவர் உலகம் பூரா எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தற பொதுவானது. அதைத் திருத்தினா நாமளே வெச்சுக்கக் கூடாது, அதைச் சேர்ந்து எழுதற ஆளுக கூட்டத்துக்கு அனுப்பணும். அங்க பெரிய பெரிய ஆளுக படிச்சுப் பார்த்துத்தான் சேர்ப்பாங்க. நான் அனுப்பினேன். யாரு எவருன்னே தெரியாத ஒருத்தரு பதில் போட்டாரு. திருத்தம் சரியா இருக்குதுன்னாரு. ஆனா ஒரு கேள்வி. "இதனால் யாராவது பாதிக்கப்பட்டார்களா? பாதிக்கப்பட்டிருந்தால் என்ன ஆனது என்று விளக்கத்தில் எழுதுங்கள்." அவ்வளவுதான். தப்பில்லாத கேள்வி. எல்லாருகிட்டயும் கேக்கற கேள்வி. எத்தனை அவசரம்னு அவங்களுக்குத் தெரியணும்ல.

ரெண்டு நாளு அதுக்குப் பதில் போடலை நான். எழுதுவேன், அழிப்பேன். ரெண்டாயிரம் லிட்டர்னு எழுதினேன், அழிச்சேன். உலகம் பூரா பார்க்கற இடம், கம்பெனி பேரு இருக்குது. கடைசில, "யாருக்கும் நேர்ந்ததில்லை, படித்துப் பார்த்ததில் கண்டுபிடித்தது"ன்னு போட்டேன். அங்க எல்லாரும் போடற வாக்கியம்தான் அது. உடனே சேர்த்துட்டாங்க. என் பேரு இருக்குதுங்க அதுல. இப்பவும் போய்த் தேடினா வரும்.

தூக்கம் வந்தா தூங்குங்க. இல்லையா? சரி.

அதுக்கப்புறம்தான் எனக்கு இருப்புக் கொள்ளாமப் போச்சு. என் வேலைக்கு மரியாதை இல்லைங்கற ஆத்திரம்னு நினைச்சுட்டிருந்தேன். அதுவும்தான். டிசம்பர்லயே செம்மங்காட்டுவலசுக்கு நானே போனேன். சர்வீஸ் ஆளு போயிருக்கலாம், நான் போறேன்னு வாங்கிட்டுப் போனேன். பொட்டியில புது புரோகிராமைப் போட்டேன், நீல வயரை மாத்தினேன். தற்காலிகமா செகரட்டரி வேலை பார்க்கறவரு டீ வாங்கிக் கொடுத்தாரு. தினமும் காலைல ஒருக்கா அமத்திப் போட்டுருவோம், மெஷின் அருமையா ஓடுதுங்கன்னாரு. மயிலாத்தா எங்க இருக்காங்கன்னு கேட்க நினைச்சேன். டீ சூடா இருந்துச்சு, குடிச்சுட்டு வந்துட்டேன்.

பொங்கல் முடிஞ்சதும் உமையாள் மேடம் மேசை முன்னாடி போய் நின்னேன். சரி பண்ணிட்டு எழுதலாம்னீங்களே, இப்ப எழுதுங்கன்னேன். அஞ்சு நாளு இழுத்தாங்க. தர்றாங்களா இல்லையான்னு நானும் விடலை. அஞ்சாவது நாளு கம்பெனித் தாள்ல ஒரு கடிதம் டைப் பண்ணிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க. நான் ஜெயிச்சுட்டேன்னு வெச்சுக்குங்களேன். அதை எடுத்துட்டுத்தான் இன்னிக்குக் காலைல கிளம்பி வந்தேன்.

ஊர்ல விசாரிச்சா, அந்தம்மா கறிக்கோழிப் பண்ணையில வேலைக்குப் போறாங்கன்னாங்க. ஊருக்கு வெளிய ஒரு கிலோமீட்டர். நடந்தே போனேன். உள்ள தண்ணிக் குழாயைக் கழட்டிக் கழுவிட்டு இருந்தாங்க. நான் நினைச்சதைவிடக் குட்டையா இருந்தாங்க. போன்ல கேக்கறப்ப உயரமா நினைச்சிருந்தேன். கம்பெனில இருந்து வர்றேன்னதும் கையைச் சீலையில தொடச்சுட்டு வெளிய வந்தாங்க.

நான் எல்லாம் சொன்னனுங்க. சென்சார், மெமரி, பதினேழு நாள். உங்ககிட்டச் சொன்ன மாதிரியேதான் சொன்னேன். முடிச்சதும், "அப்ப நான் அமத்தலைன்னு உங்களுக்குத் தெரியும்"ன்னாங்க.

"தெரியுங்க"ன்னேன்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"ஆகஸ்டுல."

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாங்க. "இந்த ஊர்ல எங்க வீட்டுப் பாலைக்கூடச் சங்கத்துல ஊத்தறதில்லைங்க, டீக்கடைக்குத்தான் கொண்டு போறேன்"ன்னாங்க. யாரும் ஊத்த வேண்டாம்னு சொல்லலையாம். அந்த வாசப்படி ஏற முடியலைன்னாங்க.

கடிதத்தைக் கொடுத்தேன். வரி மேல விரல் வெச்சுப் படிச்சாங்க. மறுக்காவும் படிச்சாங்க. மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு, "இன்னிக்கு நாலு மணிக்கு மகாசபை. புதுச் செகரட்டரியை நிரந்தரமாப் போடறாங்க. நீங்க வந்து ஊர்ச் சனத்துக்கு முன்னாடி வாயால சொன்னீங்கன்னா போதுஞ்சாமி"ன்னாங்க.

எனக்கு அது தெரியாதுங்கண்ணா. இன்னிக்குத்தான் கூட்டம்னு யாருக்குத் தெரியும்? எனக்கு பஸ் இருக்குதுங்கம்மான்னு சொல்லிட்டேன். கடிதத்துல எல்லாம் இருக்குது, கம்பெனி முத்திரை இருக்குது, அதைக் காட்டுங்க போதும்னேன். சரிங்கன்னாங்க. ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து கொடுத்தாங்க. நான் குடிக்கறப்ப என்னையே பார்த்துட்டு, "அன்னிக்குப் போன்ல பேசினது உங்க கொரலாட்டவே இருக்குது"ன்னாங்க.

"போனை நிறையப் பேர் எடுப்பாங்கம்மா"ன்னேன்.

வந்துட்டேன். நான் ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியலை. பொய் இல்லைங்க அது. நிறையப் பேர் எடுப்போம்.

இல்லைங்கண்ணா, அந்தம்மா அழுகலை. திட்டலை. அழுதிருந்தா இருந்திருப்பேனோ என்னவோ.

கடிதமா? நகல் வெச்சிருக்கேன். பைக்குள்ள இருக்குது. படிக்கறீங்களா? கண்ணாடி இல்லையா, சரி நானே படிக்கறேன். நல்ல கடிதம்ங்க, அஞ்சு நாளு நின்னு வாங்கினது.

"மேற்படி சங்கத்தில் நிறுவப்பட்டுள்ள குளிர்விப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் மென்பொருளில் பொதுவான மேம்பாடுகள் செய்யப்பட்டுள்ளன என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். கடந்த மே மாதம் ஏற்பட்ட நிகழ்வுக்கு, பிற காரணங்களுடன், மென்பொருளின் நினைவகப் பயன்பாடும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு. சங்கத்தின் தொடர்ந்த ஒத்துழைப்பை நாடுகிறோம்."

அவ்வளவுதான். கீழ கையெழுத்து, முத்திரை.

என்ன கேட்டீங்க?

அந்தம்மா அமத்தலைன்னு இதுல எங்க இருக்குதுன்னா… "ஒரு காரணமாக இருந்திருக்கலாம்"னு இருக்குது பாருங்க. பிற காரணங்களுடன்.

பிற காரணம்னா? பிற காரணம்னா அது சும்மா எழுதறதுங்க. ஆபீஸ் கடிதத்துல அப்படித்தான்.

ஆமாங்க. அந்தம்மா பேரு இல்லை. இல்லைதான்.

நான் ஜூன்ல எழுதினதா? அது சங்கத்துப் பைல்ல இருக்கும். எடுத்துப் படிச்சா… கையால நிறுத்தப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்னு இருக்கும். இதுல இருக்கலாம், அதுல அதிகம். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் படிச்சா அதுதான் கெட்டியா நிக்கும். சனம் என்ன சொல்லும்? பிற காரணம் யாருன்னு எங்களுக்குத் தெரியாதான்னு கேப்பாங்க. இந்தக் கடிதத்தை அந்தம்மா எடுத்து நீட்டினா அவங்களுக்கு எதிராவேல்ல இது பேசும்.

மறுக்காவும் படிச்சாங்கன்னு சொன்னனே. அவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும்ங்கண்ணா. அதனாலதான் வாயால சொல்லுங்கன்னாங்க. நான் பஸ்சுன்னேன்.

மணி என்ன? ரெண்டு முப்பத்தஞ்சு. இது எந்த ஊரு? குண்டடம் வருதா? குண்டடத்துல எறங்கினா தாராபுரத்துக்கு உடனே பஸ் கெடைக்கும். அங்கேருந்து டவுன் பஸ் மூணு அஞ்சுக்கு ஒண்ணு இருக்குது, காலைல போர்டுல பார்த்தேன். அதைப் பிடிச்சா நாலுக்கு முந்தி ஊருக்குள்ள போயிரலாம். பிடிக்க முடியலைன்னா ஆட்டோவாவது பார்த்துக்கறேன்.

மேனேஜர் கேட்டா? கேக்கட்டும். ஜூன்ல எழுதினது என் கையெழுத்துத்தானுங்க, அதைத் தப்புன்னு எழுத அவங்க கையெழுத்து எதுக்கு?

பேனா இருக்குதுங்களா? கொடுங்க. பஸ் ஆடுது, இந்தப் பையை அப்படியே உங்க மடியில வெச்சுக்குங்க, அது மேல வெச்சு எழுதறேன். நகல்ல கீழ இடம் இருக்குது.

"மயிலாத்தா மெஷினை அமத்தவில்லை. மெஷின் தானாக நின்றது. அதற்குக் காரணம் எங்கள் புரோகிராம், அதைப் படித்துச் சரி என்று சொன்னவன் நான். வயர் அறுந்ததை அவர் மே இரண்டாம் தேதியே போனில் சொன்னார். போனை எடுத்துப் பரவாயில்லை என்றவனும் நான். ஜூனில் நான் கொடுத்த அறிக்கை தவறு."

சிவசண்முகம். தேதி போடணும். இன்னிக்கு என்ன, இருபத்தியெட்டா?

கண்டக்டரண்ணா, குண்டடம் ஒண்ணு எறங்கணும். ஆமாங்க, டிக்கெட் கோயமுத்தூருக்குத்தான். பரவால்லைங்க.

இந்தாங்க, உங்க பேனா. எறங்கறதுக்குள்ள ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கண்ணா. கண்ணாடி இல்லைன்னாலும் தள்ளிப் பிடிச்சுப் பாருங்க, பெருசாத்தான் எழுதியிருக்கேன். எங்கயாவது 'இருக்கலாம்'னு வந்திருச்சுங்களா?